லோகோ அச்சிட்ட கோல்ஃப் பந்துகள்: எதை வாங்குவது, எப்படி அச்சிடுவது

நிறுவனங்கள் நடத்தும் கோல்ஃப் போட்டிகளின் பரிசுப் பையில் தவறாமல் இருப்பது லோகோ அச்சிட்ட பந்து. வங்கியோ கட்டுமான நிறுவனமோ கார் ஷோரூமோ, ஸ்பான்சர் யாராக இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஸ்லீவ், அதாவது மூன்று பந்து, போட்டுவிடுவார்கள். அந்த மூன்றில் எத்தனை டீ (அடிக்கும் முன் பந்தை நிறுத்தும் சிறு முளை) மீது ஏறும் என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் கொட்டேஷன் குறைவு, லோகோ எவ்வளவு பெரிதாக வரும் என்ற இரண்டையும் பார்த்து ஆர்டர் போய்விடுகிறது. கோல்ஃப் ஆடுகிறவர் ஸ்லீவைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது பந்தின் பெயரைத்தான், லோகோ அப்புறம். பெயர் பிடிக்கவில்லை என்றால் பந்து பையின் அடிப் பாக்கெட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் பை சுமக்கும் கேடியின் கைக்குப் போகும். விளம்பரச் செலவு அங்கேயே முடிந்தது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐம்பது பேருக்கு மேல் கொடுப்பதாக இருந்தால், பெயர் தெரிந்த நிறுவனத்தின் இரண்டு அடுக்குப் பந்தை வாங்கி, ஒரே நிறத்தில் 20 மி.மீ. அளவுக்கு லோகோ அச்சிடுங்கள். அதில் முதல் தேர்வு டைட்டிலிஸ்ட் ட்ரூஃபீல், அடுத்தது ஸ்ரிக்சன் சாஃப்ட் ஃபீல். பத்துப் பன்னிரண்டு முக்கிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றால் டைட்டிலிஸ்ட் ப்ரோ வி1, முழு டஜனாக. பெயர் தெரியாத பந்து எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். பெயர் தெரிந்த பந்துக்குப் பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் பந்தையே விட்டுவிட்டு, காந்த மார்க்கர் வைத்த பிட்ச்ஃபோர்க் (பந்து விழுந்து குழிந்த புல்தரையைச் சரிசெய்யும் சிறு முள்கருவி) கொடுங்கள்.

பந்துகளுக்குள் என்ன வித்தியாசம்

விதிப்படி எல்லாப் பந்துக்கும் ஒரே வரம்புதான்: எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக்கூடாது. விலையைத் தீர்மானிப்பது உள்ளே எத்தனை அடுக்கு, மேலே என்ன உறை என்பதுதான்.

இரண்டு அடுக்குப் பந்து என்பது பெரிய ரப்பர் உட்கரு, அதன் மேல் அயனோமர் உறை. அயனோமர் கெட்டியான பிளாஸ்டிக். பந்தை உயரத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் மட்டையால் அடித்தாலும் வண்டிப் பாதைச் சிமெண்டில் விழுந்தாலும் எளிதில் கிழியாது. குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீனைச் சுற்றி சுழற்சி குறைவாக இருக்கும், அதனால் 40 கஜத்திலிருந்து அடிக்கிற சிறு ஷாட் விழுந்த இடத்தில் நிற்காமல் உருண்டு ஓடும். யூரித்தேன் உறைப் பந்தில் இந்தக் குறை இல்லை. வெட்ஜ் முகத்தின் வரிப்பள்ளங்களை மென்மையான உறை பற்றிக்கொள்கிறது, பந்து சுழன்று சட்டென்று நிற்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் அனைவரும் இன்று யூரித்தேன் பந்தே ஆடுகிறார்கள். ப்ரோ வி1 2000 அக்டோபரில் லாஸ் வேகாஸில் நடந்த போட்டியில் அறிமுகமானது. நூல் சுற்றிய பழைய பந்துகள் அதற்குப் பிறகு சில வருடங்களிலேயே தொழில்முறை ஆட்டத்திலிருந்து மறைந்தன.

ட்ரூஃபீல், சாஃப்ட் ஃபீல், கால்வே சூப்பர்சாஃப்ட் மூன்றுமே இரண்டு அடுக்கு. ட்ரூஃபீல், சாஃப்ட் ஃபீல் இரண்டின் கம்ப்ரெஷன் 60-ஐ ஒட்டியது, சூப்பர்சாஃப்ட் 40-ஐ ஒட்டியது. ப்ரோ வி1 90 பக்கம், ப்ரோ வி1எக்ஸ் 100 பக்கம். பந்தை அழுத்தினால் எவ்வளவு நசுங்கும் என்பதைச் சொல்லும் எண் இது. எல்லா நிறுவனமும் ஒரே முறையில் அளப்பதில்லை, ஆகவே ஐந்து பத்து வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கம்ப்ரெஷனை வைத்துச் செய்யப்படும் விளம்பரம்தான் நிறையப் பேரைக் குழப்புகிறது. மட்டையை மெதுவாகச் சுற்றுகிறவருக்கு மென்மையான பந்துதான் தூரம் போகும் என்று பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். மெதுவான சுற்றில் மென்பந்துக்கும் கெட்டிப் பந்துக்கும் டிரைவரில் (தூரம் அடிக்கும் பெரிய மட்டை) இருக்கிற தூர வித்தியாசம் மிகச் சிறியது. வேகமான சுற்றில் மென்பந்து தெளிவாகப் பின்தங்குகிறது. மென்மையால் கிடைப்பது கையில் உணரும் சுகமும், கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் மட்டையில் எழும் மெல்லிய சத்தமும். அவை பிடித்திருந்தால் வாங்கலாம், தூரத்தை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

மூன்றில் எது? ஆட்டத்தை மட்டும் பார்த்தால் ட்ரூஃபீலுக்கும் சாஃப்ட் ஃபீலுக்கும் இடையே பெரிய வேறுபாடு சொல்ல முடியாது. பரிசாகக் கொடுக்கும்போது டைட்டிலிஸ்ட் என்ற பெயருக்கு ஒரு எடை இருக்கிறது. வாங்குகிறவர் ப்ரோ வி1 ஆடுகிறவராக இருந்தாலும் ட்ரூஃபீலை ஒதுக்கமாட்டார், தண்ணீர் தாண்டி அடிக்க வேண்டிய குழியிலாவது எடுத்து வைப்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை முதலில் வைக்கிறோம். சூப்பர்சாஃப்ட் நல்ல பந்துதான், பெண்களும் மூத்த ஆட்டக்காரர்களும் விரும்பி ஆடுகிறார்கள். ஆனால் வேகமாக அடிக்கிற இளைய மேலாளர்கள் நிறைந்த போட்டியில் அது பலருக்கு ஒத்துவராது.

ப்ரோ வி1 போன்ற டூர் பந்து ஒரு டஜன் வாங்குகிற பணத்தில் இந்த இரண்டு அடுக்குப் பந்து ஏறக்குறைய இரண்டு டஜன் வாங்கலாம். நூறு பேருக்கு ஸ்லீவ் கொடுக்கிற இடத்தில் ப்ரோ வி1 போடுவது வீண். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைச் சொல்லும் எண், குறைந்தால் திறன் அதிகம்) 24 ஆடுகிறவர் முதல் மூன்று குழியிலேயே இரண்டைத் தொலைத்துவிடலாம், அந்தப் பணம் தண்ணீருக்குள் போகும். அதே பந்தை, ஹேண்டிகேப் ஒற்றை இலக்கத்தில் இருக்கிற பத்து வாடிக்கையாளர்களுக்கு டஜன் கணக்கில் கொடுத்தால் மாதக்கணக்கில் ஆடுவார்கள். ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் கொடுத்தவர் பெயர் கண்ணில் படும். கொடுப்பதற்கு முன் அவர் எந்தப் பந்து ஆடுகிறார் என்று கேடியிடமோ கிளப் கடையிலோ விசாரித்துவிடுங்கள். டெய்லர்மேட் டிபி5 ஆடுகிறவருக்கு டிபி5-தான் கொடுக்க வேண்டும்.

மறுபூச்சுப் பந்து என்ற வலை

கொட்டேஷனில் ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதிக்கும் கீழே வந்தால், புதுப் பந்தா என்று எழுத்தில் கேளுங்கள். குளத்தில் விழுந்து எடுத்த பந்துகள் இரண்டு விதமாக விற்பனைக்கு வருகின்றன. கழுவி, தரம் பிரித்து விற்பது ஒன்று. அதில் பந்தின் பழைய அச்சு அப்படியே இருக்கும். பழைய பூச்சை உரித்து, புதிதாக வெள்ளை அடித்து, பெயரை மறுபடி அச்சிட்டு விற்பது இன்னொன்று. ஆபத்து இரண்டாவதில்தான். பந்தின் பறப்பு முழுக்க டிம்பிள் குழிகளின் ஆழத்தையும் விளிம்பையும் நம்பியிருக்கிறது. மேலே ஒரு பூச்சு ஏறினால் குழி ஆழம் குறையும், விளிம்பு மழுங்கும், ஒரே பெட்டியில் இருக்கிற இரண்டு பந்து இரண்டு விதமாகப் பறக்கும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பந்தைச் சாய்த்துப் பாருங்கள். புதுப் பந்தில் ஒவ்வொரு குழியின் விளிம்பும் கூர்மையான வளையமாகத் தெரியும். மறுபூச்சில் சில குழிகளின் அடியில் வண்ணம் தேங்கியிருக்கும், வெண்மை கொஞ்சம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும், பக்கவாட்டில் உள்ள மாடல் பெயரின் எழுத்து ஓரங்கள் பிசிறடித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் சில சமயம் பூச்சு உதிரும்.

விதிச் சிக்கலும் இருக்கிறது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டும் அங்கீகரித்த பந்துகளின் பட்டியல் ஒன்று மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறது. பட்டியலில் உள்ள பந்தே ஆட வேண்டும் என்று போட்டிக் குழு உள்ளூர் விதி போட்டால் மறுபூச்சுப் பந்துக்கும் எக்ஸ்-அவுட் (குறை இருப்பதால் தயாரிப்பாளரே பெயரின் மேல் எக்ஸ் போட்டு விற்கும்) பந்துக்கும் இடமில்லை. நிறுவன லோகோ அச்சிட்ட பந்துக்கு அந்தத் தடை கிடையாது. அச்சிடுவதற்கு முன் அது பட்டியலில் உள்ள பந்தாக இருந்தால் போதும். உங்கள் லோகோ பந்தை வாங்குகிறவர் கிளப் சாம்பியன்ஷிப்பிலும் அதை ஆடலாம் என்பதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அச்சு

பணம் அதிகம் வீணாவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கோல்ஃப் பந்தில் அச்சிட இரண்டு வழி. பேட் பிரிண்டிங்கில், லோகோ செதுக்கிய தகட்டிலிருந்து சிலிக்கோன் மெத்தை மையை எடுத்து பந்தின் மேல் அழுத்துகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு, தனி அழுத்தம். இரண்டாவது நிறம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். யூவி பிரிண்டிங்கில் தகடு தேவையில்லை, புகைப்படம் கூட அச்சிடலாம், பத்துப் பந்து மட்டும் வேண்டுமானாலும் செய்து தருவார்கள். ஆனால் யூவி மை பந்தின் மேல் தடித்த படலமாக உட்காரும். டிரைவர் அடிக்கும்போது பந்து ஒரு கணம் நசுங்கி விரிகிறது. வளைந்து கொடுக்காத மை என்றால் படலத்தில் விரிசல் விழும், ஓரத்திலிருந்து செதில் செதிலாக உதிரும். ஒன்றிரண்டு நிறமே உள்ள லோகோவுக்கு பேட் பிரிண்டிங்தான் எங்கள் தேர்வு. யூவிதான் வேண்டுமென்றால் ப்ரைமர் பூசுவார்களா, வளையும் தன்மையுள்ள மைதானா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் அந்த அச்சகம் வேண்டாம்.

அளவு விஷயத்தில் பந்தின் வடிவமே எல்லை போடுகிறது. 22 மி.மீ. அகல லோகோவின் ஓரம், அதன் நடுப்புள்ளியைவிட 3 மி.மீ. தாழ்ந்திருக்கும். அகலம் 30 மி.மீ. ஆனால் அந்தத் தாழ்வு 6 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு ஆழத்துக்கு மெத்தை சுற்றிப் படியும்போது ஓர எழுத்துகள் இழுபட்டு அகன்றுவிடும். 20 முதல் 22 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால் சுத்தமாக வரும். கோடுகள் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டிம்பிள் விளிம்பில் அறுந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். நிறம் நிரப்பிய கட்டத்துக்குள் வெள்ளை எழுத்து விடுகிற வடிவமைப்பு பந்தில் பெரும்பாலும் அடைபட்டுவிடும்; எழுத்தையே நிறத்தில் போடுங்கள். தொலைபேசி எண், இணைய முகவரி, கோஷ வாசகம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். கியூஆர் குறியீட்டைப் பந்தில் போடவே வேண்டாம், வளைவும் குழிகளும் சேர்ந்து போன் கேமராவுக்குப் பிடிபடாது. அதற்கு ஸ்லீவ் அட்டையின் தட்டையான பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

கடையில் வாங்கும் பந்தில் நிறுவனப் பெயரும் எண்ணும் ஏற்கெனவே இடத்தைப் பிடித்திருக்கும், பக்கவாட்டில் மாடல் பெயரும் கோடும் இருக்கும். உள்ளூர் அச்சகத்துக்கு மிஞ்சுவது எந்த இடம் என்று மாதிரிப் பந்தைக் கையில் வைத்து அளந்த பிறகே வடிவமைப்பாளரிடம் போங்கள். பந்து நிறுவனத்தின் விநியோகஸ்தர் வழியாகவே லோகோவோடு வரவழைத்தால் அதற்கென்று இடம் விட்டே அச்சாகி வரும், மையும் நன்றாக நிற்கும். குறைந்தபட்ச ஆர்டரும் காத்திருக்கும் நாளும் அதிகம் என்பதுதான் சங்கடம். போட்டித் தேதிக்கு இரண்டு மாதம் இருந்தால் விநியோகஸ்தர் வழியே போங்கள், அதற்குக் குறைந்தால் உள்ளூர் அச்சு.

உள்ளூர் அச்சு ஏன் அழிகிறது? புதுப் பந்தின் மேல் பளபளப்பான பூச்சு ஒன்று இருக்கிறது. மை அதற்கு மேல்தான் உட்கார வேண்டும். கைரேகை எண்ணெயைத் துடைக்காமல் அச்சிட்டால் மை பிடிக்காது. பேட் பிரிண்டிங் மையில் ஹார்ட்னர் கலக்க வேண்டும். கலந்த மைக்குச் சில மணி நேரமே ஆயுள். காலையில் கலந்ததை மாலை வரை ஓட்டினால் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், முதல் பங்கர் (மணற்பள்ளம்) ஷாட்டிலேயே மணல் உரசி லோகோ போய்விடும். அச்சிட்ட அன்றே ஸ்லீவில் அடைத்தாலும் இதே கதைதான், மை முழுக்க இறுகியிருக்காது.

ஆகவே மாதிரி கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள். ஆறு பந்து அச்சிட்டு வாங்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஒன்றின் லோகோ மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று உரித்துப் பாருங்கள். இன்னொன்றை ஈரத் துண்டால் அழுத்தித் துடையுங்கள், ஆட்டக்காரர் ஒவ்வொரு கிரீனிலும் செய்யப்போவது அதைத்தான். மூன்றாவதை சாண்ட் வெட்ஜால் பங்கரிலிருந்து பத்து முறை அடியுங்கள். டேப்பில் நிறம் ஒட்டினாலோ துண்டில் சாயம் இறங்கினாலோ திருப்பி அனுப்புங்கள். பங்கரில் லேசாக மங்குவதை ஏற்றுக்கொள்ளலாம், எழுத்து படிக்க முடியாமல் போனால் கூடாது. தேறிய பந்தில் ஒன்றை இரு தரப்பும் கையெழுத்திட்ட உறையில் போட்டு வைத்துக்கொண்டால் சரக்கு வரும்போது ஒப்பிட வசதி.

ஒரே எண், ஒரே லோகோ

பலர் யோசிக்காத இடம் இது. போட்டியில் எல்லோருக்கும் ஒரே மாடல், ஒரே லோகோ. நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஃபோர்பாலில் இருவரிடம் எண் 2 இருந்தால், உயரப் புல் வளர்ந்த ரஃப்பில் அருகருகே கிடக்கும் பந்தில் எது யாருடையது? தவறான பந்தை அடித்தால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி அபராதம், குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் மேட்ச் பிளேயில் அந்தக் குழியே போய்விடும். உங்கள் பரிசால் உங்கள் விருந்தாளி அபராதம் வாங்குவது நல்ல விளம்பரமா?

டஜன் பெட்டியில் வழக்கமாக 1 முதல் 4 வரை எண்ணுள்ள நான்கு ஸ்லீவ் இருக்கும், ஒரு ஸ்லீவில் ஒரே எண். ஒரு ஃபோர்பாலுக்கு ஒரு டஜனைப் பிரித்து, ஆளுக்கு ஓர் எண்ணாகக் கொடுத்தால் தொல்லை தீர்ந்தது. பை நிரப்புகிறவர்களுக்கு இதை எழுதிக் கொடுங்கள். அச்சகம் பெட்டியைப் பிரித்து அச்சிட்டுவிட்டு எண்களைக் கலந்து அடைத்துவிடும், அங்கேயும் சொல்லி வையுங்கள். கூடவே ஆளுக்கு ஒரு நிரந்தர மை பேனா போட்டால் இன்னும் நல்லது, சொந்த அடையாளம் போட்டுக்கொள்வார்கள்.

பந்தைத் தவிர

சொல்லப்போனால், விளம்பரமாக மட்டும் பார்த்தால் பந்தைவிட மார்க்கர் மேல். கிரீனில் பந்தைத் தூக்கும் முன் அதன் பின்னால் வைக்கிற 25 மி.மீ. வட்டத் தகடு அது. ஒரு சுற்றில் 18 கிரீனிலும் வெளியே வரும், மற்ற மூவரும் குனிந்து பார்க்கிற இடத்தில் கிடக்கும். தட்டையான உலோகம் என்பதால் நான்கு நிற லோகோவும் பிசிறில்லாமல் வரும். அதைக் காந்தத்தால் பிட்ச்ஃபோர்க்கில் ஒட்டிக் கொடுத்தால் வருடக்கணக்கில் பாக்கெட்டில் கிடக்கும். மலிவான துத்தநாகக் கலவை முட்கள் கோடையில் இறுகிய கிரீனில் வளைந்து உடைகின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். காந்தத்தையும் சோதியுங்கள், கவிழ்த்து உதறினால் மார்க்கர் விழக்கூடாது.

கையுறை நல்ல பரிசு, அளவு தெரிந்தால் மட்டும். வலக்கை ஆட்டக்காரர் அணிவது இடக்கைக்கு. எஸ், எம், எம்எல், எல் என்று அளவு போகும். பதிவுப் படிவத்தில் கை, அளவு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கேட்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். சென்னை வியர்வையில் மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை சீக்கிரம் விறைத்துப்போகும், செயற்கைத் தோல் கலந்தது தாங்கும்.

டீ கொடுத்தால் 460 சி.சி. கொள்ளளவுத் தலையுள்ள டிரைவருக்குப் பொருந்தும் 83 மி.மீ. நீளம் சரி. விதிப்படி டீ 101.6 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. குடை என்றால் இரட்டை விதானம், ஃபைபர்கிளாஸ் கம்பி. தொப்பி எல்லோரிடமும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

கணக்குப் பிரிவு கேட்கப்போவது

இலவசமாகக் கொடுக்கும் பரிசுப் பொருள்களுக்குக் கட்டிய ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்க முடியாது. ஆகவே கொட்டேஷன்களை வரியோடு சேர்த்த விலையில் ஒப்பிடுங்கள். 2022 ஜூலை முதல், தொழில் தொடர்பில் ஒருவருக்குக் கொடுக்கும் பலன்களின் மதிப்பு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% வரிப்பிடித்தம் உண்டு. ஒரு ஸ்லீவ் பந்தில் இது எழாது. முக்கிய வாடிக்கையாளருக்குப் புது டிரைவரும் இரண்டு டஜன் ப்ரோ வி1-உம் கொடுக்கும்போது எளிதில் எழும்.

பரிசுத் தொகையிலும் கவனம் வேண்டும். ஹேண்டிகேப் போட்டியில் அமெச்சூர் ஆட்டக்காரர் ரொக்கப் பரிசு வாங்கக்கூடாது. பொருளாகக் கொடுத்தாலும் 700 பவுண்டு அல்லது 1,000 டாலர் மதிப்பே உச்சவரம்பு. ஹோல் இன் ஒன் (முதல் அடியிலேயே பந்து குழிக்குள் விழுவது) பரிசுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்பதால்தான் பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குறுகிய) குழியருகே காரை நிறுத்த முடிகிறது. அந்தக் காருக்குக் காப்பீடு எடுக்கும்போது பாலிசியில் குழியின் குறைந்தபட்சத் தூரம், ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை, சாட்சி யார் என்ற மூன்றும் எழுதியிருக்கும். போட்டி நாள் காலையில் மைதான ஊழியர் அடி தொடங்கும் டீ எல்லைக்குறியைப் பத்து கஜம் முன்னால் நகர்த்தி வைத்தால்கூட இழப்பீடு மறுக்கப்படலாம். லேசர் ரேஞ்ச்ஃபைண்டரால் தூரத்தை அளந்து, எண் தெரியும்படி படம் எடுத்து, சாட்சியிடம் கையெழுத்து வாங்கிய பிறகே முதல் குழுவை அந்தக் குழிக்கு விடுங்கள்.